விவாகப் பதிவும் சமூக உறவுகளும்: இலங்கை விவாகச் சட்டங்கள் பற்றிய சில சிந்தனைகள்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே விவாகப் பதிவினை ‘எழுத்து’ என்று குறிப்பிடுவர். ‘எழுத்து முடிந்துவிட்டது, இனித் தாலிகட்டுக்கு நாள் பார்க்கவேண்டும்’ என்று பெண்வீட்டார் கூறுவதை நாம் இன்றுங் கேட்கலாம். பொன்னுருக்குதல், கூறை மாற்றுதல், தாலி கட்டுதல் ஆகிய சடங்குகளுக்குப் புறம்பாக, அரசின் பதிவேட்டிலே இருவர் கையொப்பமிடும் ஒரு செயல் தனியே நிற்கின்றது என்பதனை இவ்வழக்கு உணர்த்துகின்றது. சடங்கு ஊருக்கு, எழுத்து அரசுக்கு. இவ்விரண்டினுள் எது விவாகத்தை விவாகமாக்குகின்றது என்னும் வினா மேலோட்டமாக நோக்குமிடத்துச் சட்டநுணுக்கம் பற்றியதாகத் தோன்றலாம். ஆயின் ஒரு பெண்ணுக்குக் காணி கிடைக்குமா, ஒரு பிள்ளை ‘முறையாகப் பிறந்த’ பிள்ளையாகக் கொள்ளப்படுமா, ஒரு தொழிலாளி இந்நாட்டின் பிரசையாவானா என்பன போன்ற வாழ்க்கைப் பிரச்சினைகள் இவ்வினாவின் விடையிலேயே தங்கியிருந்தன. சிலவிடத்து இன்னுந் தங்கியிருக்கின்றன.

இலங்கையில் விவாகஞ் செய்வதற்குச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகள் யாவை, அவை எவ்வாறு தோன்றின, எவருடைய நலன்களை அவை பேணின என்பனவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்டத்தைச் சமூக உறவுகளினின்றும் பிரித்துத் தனித்ததொரு விதித்தொகுதியாகக் காண்பது சட்டக் கல்லூரிக்குப் போதுமானதாயிருக்கலாம். சமூக வரலாற்று மாணவனுக்கு அது போதாது.

1

சடங்கின் தோற்றம் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. உலகிலே பொய்யுரைத்தலும் வழுவி நடத்தலுந் தலைகாட்டிய பின்னரே பெரியோர் மணச்சடங்கினை வகுத்தனர் என்னுங் கருத்துத் தொல்காப்பியக் கற்பியலிற் கூறப்பட்டுள்ளது. மேலோர்க்கென வகுக்கப்பட்ட சடங்கு கீழோர்க்கும் உரியதாகிய காலம் ஒன்று உண்டு என்றும் அவ்வியல் கூறுகின்றது. இவ்விரு கூற்றுக்களும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. கரணம் என்பது இயற்கையாகவோ தெய்விகமாகவோ அமைந்ததன்று; வரலாற்றின் ஒரு கட்டத்தில் ஒரு தேவையின் பொருட்டு ஏற்படுத்தப்பட்டது என்பது முதலாவது. அது மேலிருந்து கீழாகப் பரவியது என்பது இரண்டாவது. களவொழுக்கத்தினைக் கற்பொழுக்கமாக்கும் கரணம், தனியுடைமையும் குலவேறுபாடும் வலுப்பெற்றுவந்த சமுதாயத்தின் தேவை என்று கொள்வது பொருந்தும். ஏங்கல்ஸ் 1884 இல் வெளியிட்ட ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலில் ஒருதார மணத்தின் வரலாற்றைச் சொத்துரிமையின் வரலாற்றோடு இணைத்து விளக்கியமை அறிஞர் அறிந்ததே. தந்தையின் சொத்து ஐயத்திற்கிடமின்றி அவனுடைய பிள்ளைகளுக்கே சேரவேண்டும் என்னுந் தேவை, பெண்ணின் மீதான கட்டுப்பாடாக வடிவெடுத்தது.

இப்பொதுவிதியை எந்திரரீதியாக எல்லாச் சமூகங்களுக்கும் பொருத்தி அமைதியடைதல் தவறாகும். இலங்கையில் இவ்விதி எவ்வாறு செயற்பட்டது என்பதனைக் குறிப்பான சட்டங்களின் ஊடாகவே காணவேண்டும்.

2

விவாகப் பதிவு இலங்கைக்கு அந்நியராட்சியோடு வந்தது. ஒல்லாந்தர் காலத்திலே திருச்சபையின் பாடசாலைத் தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. சைவராயிருந்தோரும் பெயரளவிற் கிறித்தவராகித் தோம்பிலே தம் பெயரைப் பதிந்துகொண்டமைக்கு, அப்பதிவோடு பிள்ளைகளின் உரிமையும் ஆதனமும் பிணைக்கப்பட்டிருந்தமை முக்கிய காரணமாகும். பிரித்தானியராட்சியில் இப்பணி படிப்படியாகத் திருச்சபையிடமிருந்து அரசிடம் சென்றது. 1847 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

கண்டிப் பிரதேசத்தில் நிகழ்ந்தது இன்னுந் தெளிவானது. அங்கு ஒரு பெண் உடன்பிறந்தார் பலரை மணந்து வாழும் முறையும், கணவன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழும் ‘பின்ன’ விவாகமும், மனைவி கணவனின் இல்லத்திற்கு வரும் ‘தீக’ விவாகமும் வழக்கிலிருந்தன. மணவிலக்கும் எளிதாயிருந்தது. 1859 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பல்கணவர் மணத்தைத் தடைசெய்து, பதிவினை விவாகத்தின் வலிதுடைமைக்கு இன்றியமையாததாக்கியது. ஒழுக்கத்தை உயர்த்துதலே இதன் நோக்கமெனக் கூறப்பட்டது. ஆயின் அக்காலப்பகுதி கோப்பித் தோட்டங்கள் விரிவடைந்துகொண்டிருந்த காலமென்பதை நாம் மறத்தலாகாது. காணி விற்பனைப் பொருளாக மாறிக்கொண்டிருந்த சூழலில், ஒரு துண்டுக் காணிக்கு உரித்தாளர் எவர் என்பதைத் திட்டவட்டமாக எழுத்திற் கொண்டுவரவேண்டிய தேவை அரசுக்கும் முதலுக்கும் இருந்தது. கூட்டுக் குடும்பத்தின் சிக்கலான உரிமைகள் அதற்குத் தடையாயிருந்தன. மக்களோ பதிவாளரை நாடிச் செல்லாது பழைய முறையிலேயே வாழ்ந்தனர். விளைவு யாது? நேற்றுவரை ஊரறிந்த குடும்பமாயிருந்தவை, பதிவின்மை என்ற ஒரே காரணத்தாற் சட்டத்தின் கண்ணில் விவாகமல்லாதவையாயின. அவற்றிற் பிறந்த பிள்ளைகள் முறைபிறழ்ந்த பிள்ளைகளாக எண்ணப்பட்டனர். 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும், பதிவின்றேல் விவாகமில்லை என்னும் நிலையையே தொடர்ந்தது.

தமிழரும் கரையோரச் சிங்களவரும் பிறரும் 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றனர். முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் உண்டு. ஆகவே ஒரு சிறிய தீவிலே, விவாகம் என்னும் ஒரே செயல் ஒருவர் எச்சமூகத்திற் பிறந்தார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு நிபந்தனைகளுக்கு உட்படுகின்றது.

3

பொதுச் சட்டமாகிய 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனைகளை முதலில் நோக்குவோம்.

முதலாவது வயது. 1907 இல் ஆணுக்கு 16 எனவும் பெண்ணுக்கு 12 எனவும் மிகக்குறைந்த வயது விதிக்கப்பட்டது. ஐரோப்பிய அல்லது பறங்கியப் பெற்றோரின் மகளாயின் 14 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். குடியேற்ற ஆட்சியின் இயல்பினை விளக்குவதற்கு இவ்வொரு விதியே போதுமானதாகும். வெள்ளையரின் மகள் 14 வயதுவரை குழந்தை. சுதேசியின் மகளோ 12 வயதிற் பெண். குழந்தைப் பருவமே இனத்தால் அளக்கப்பட்டது! வியப்பு யாதெனில், நாடு சுதந்திரமடைந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே இவ்விதி மாற்றப்பட்டமையாகும். 1995 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் ஆண், பெண் இருபாலார்க்கும் 18 வயதை விதித்தது. அதே ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் கண்டியச் சட்டத்திலும் அதே மாற்றத்தைக் கொணர்ந்தது.

இரண்டாவது உறவுமுறை. ஒருவர் மற்றவரின் நேர்வழித் தோன்றலாகவோ, முழுக்குருதி அல்லது அரைக்குருதி உடன்பிறந்தாராகவோ இருத்தலாகாது. உடன்பிறந்தாரின் மகளையோ மகனையோ மணத்தலும், மனைவிக்கு முன்னைய கணவன்மூலம் பிறந்த மகளையும், தந்தை, பாட்டன், மகன், பேரன் ஆகியோரின் கைம்பெண்ணையும் மணத்தலும் தடுக்கப்பட்டுள்ளன. இங்கு ஒப்பீடொன்று பயன்தரும். தமிழ்நாட்டிற் பல சமூகங்களில் அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது உரிமையாகவே கருதப்பட்டு வந்தது. 1955 ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டமும் வழக்காற்றின் அடிப்படையில் அதற்கு இடமளித்தது. இலங்கைச் சட்டத்தின்படி அத்தகைய மணம் செல்லாது. வழக்காறு உள்ளவிடத்து மச்சானும் மச்சாளும் மணத்தலுக்கோ இரு நாட்டிலுந் தடையில்லை. ஒரே மொழி பேசும் மக்களிடையே, ஒரு கரையில் உரிமையாயிருப்பது மறுகரையிற் குற்றமாகின்றது. ‘இயற்கைக்கு மாறானது’ எனத் தடைகளுக்குக் கற்பிக்கப்படும் காரணம் எவ்வளவு நிலையற்றது என்பதை இது புலப்படுத்தும்.

மூன்றாவது, முன்னைய விவாகம் எதுவும் நிலைபெற்றிருத்தலாகாது. ஒருதார மணமே சட்டம். 1960களின் நடுப்பகுதியில், மணமான ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி மறுமணஞ் செய்யின் அது குற்றமாகாது என்று கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. 1990களின் இறுதியில் நமது உயர்நீதிமன்றம் அந்நிலைப்பாட்டினைக் கைவிட்டு, ஒருதார மணமாகச் செய்துகொண்ட விவாகத்தின் கடப்பாட்டிலிருந்து ஒருவர் தாமாக மதம் மாறித் தப்பிவிட முடியாதெனக் கூறியது. கைவிடப்பட்ட முதல் மனைவியின் பக்கம் சட்டம் திரும்புவதற்கு 30 ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

நான்காவது நடைமுறை. விவாகஞ் செய்வோர் பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அப்பிரிவிற் குறைந்தது 10 நாட்கள் வசித்திருத்தல் வேண்டும். இருவரும் வெவ்வேறு பிரிவினராயின் அவரவர் பிரிவில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அறிவித்தல் பதியப்பட்டு 12 நாட்கள் சென்ற பின்னர் அத்தாட்சிப் பத்திரம் வழங்கப்படும். அறிவித்தல் பதிந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் விவாகம் நடைபெறல் வேண்டும். விரைந்து மணக்க வேண்டுவோர் விசேட அனுமதிப்பத்திரம் பெறலாம். பதிவாளர் முன்னிலையில் நடைபெறும் விவாகம் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில், கதவுகள் திறந்திருக்க, குறைந்தது இரு சாட்சிகளின் முன்னிலையில் நடைபெறல் வேண்டும். நள்ளிரவு முகூர்த்தத்திலே தாலி கட்டும் நமது வழக்கமும் பதிவாளரின் கடிகாரமும் பொருந்தாமையே, ‘எழுத்து’ தனியொரு நாளில் நடைபெறுவதற்கு ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

அறிவித்தலும் காத்திருப்பும் திறந்த கதவும் வெறுஞ் சம்பிரதாயங்கள் அல்ல. தடை கூறுவோர் கூறுவதற்கு வாய்ப்பளித்தலே அவற்றின் நோக்கம். ஏமாற்று மணத்தைத் தடுக்கவும் அது உதவும்; சாதிமாறியோ சமயம்மாறியோ மணக்க விழையும் இளைஞரை அவர்தம் உறவினர் கண்டுபிடித்துத் தடுக்கவும் அது உதவும். ஒரே விதி சமூகச் சூழலுக்கேற்ப இருவேறு பணிகளை ஆற்றுகின்றது.

4

பெற்றோர் சம்மதம் பற்றிய வரலாறு தனியே கூறத்தக்கது. 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வயதுவராதோர் மணப்பதற்குத் தந்தையின் சம்மதம் வேண்டும். தந்தை இல்லாதவிடத்தே தாயின் சம்மதம். தாய் உயிரோடிருந்தும் தந்தை இருக்கும்வரை அவள் சொல்லுக்கு இடமில்லை. 1995 இல் ஆகக்குறைந்த வயது 18 ஆக்கப்பட்ட பின்னரும் சம்மதம் பற்றிய பிரிவு சட்டப்புத்தகத்திலிருந்து அகற்றப்படவில்லை. 18 வயதுக்குக் குறைந்தோர் மணக்கவே முடியாதென்று ஆனபின் பெற்றோர் சம்மதத்திற்கு இடமேது என்னும் வினா எழுந்தது. 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய சம்மதம் இனிப் பொருத்தமற்றது என்று தெளிவுபடுத்தியது.

ஆகவே இன்று 18 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் பொதுச் சட்டத்தின் கீழ் மணப்பதற்கு எவருடைய சம்மதமும் வேண்டுவதில்லை. சாதி பற்றிச் சட்டம் வாய்திறப்பதில்லை. சமயம் மாறவேண்டுமென அது வற்புறுத்துவதில்லை. ஏட்டளவில் இது முழுச் சுதந்திரம். ஆயின் நாளேடுகளின் மணமக்கள் தேவைப் பகுதியைப் புரட்டுவோர் வேறோர் உலகத்தைக் காண்பர். சட்டம் நீக்கிய சம்மதத்தைச் சீதனம் மீளக் கொண்டுவருகின்றது. வீடும் வளவும் நகையும் பெற்றோர் கையிலிருக்கும்வரை, பிள்ளையின் ‘விருப்பம்’ அவர்களின் விருப்பத்தை மீறிச் செல்வது அரிது. வாழ்வாதாரத்தில் தங்கியிருப்பவனுக்குச் சட்டம் வழங்கும் சுதந்திரம், பசித்தவனுக்குக் காட்டப்படும் விருந்துப் பட்டியலை ஒத்தது.

இந்தியாவில் 1961 இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறையிற் பெருவெற்றி பெறவில்லை என்பது உண்மையே. எனினும் இலங்கைத் தமிழரின் நிலை அடிப்படையிலேயே வேறானது. இங்கு சீதனம் சட்டத்துக்குப் புறம்பான வழக்கமன்று. சட்டத்தினாலேயே பெயரிட்டு ஏற்கப்பட்ட ஆதனவகை.

5

இதனை விளங்கிக்கொள்ளத் தேசவழமையை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 இல் முடித்தார். பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தின்மூலம் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம் எனப்படும் பரம்பரை ஆதனம், சீதனம், மணவாழ்விற் சேர்த்த தேடியதேட்டம் எனும் பாகுபாடு இதன் அடித்தளமாகும். பழைய வழமையில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது. சீதனம் பெற்றுச் சென்ற மகள் பெற்றோரின் எஞ்சிய ஆதனத்தில் உரிமை கோரமுடியாது. அதே தொகுப்பில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருந்தது என்பதை, தேசவழமையைத் தமிழர் பண்பாட்டின் தூய வெளிப்பாடாகப் போற்றுவோர் வசதியாக மறந்துவிடுகின்றனர். அடிமைமுறை 1844 இல் ஒழிக்கப்பட்டதோடு அப்பகுதி செயலற்றுப் போயிற்று. நிலவுடைமை வேளாளரின் வழக்கம் எவ்வாறு ‘தேசத்தின்’ வழமையாயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது.

1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இத்துறையில் முக்கிய மாற்றங்களைச் செய்தது. அதன்படி, மணமான பெண்ணின் ஆதனம் அவளுக்கே உரியது. ஆயின் அசைவில்லா ஆதனத்தை அவள் விற்கவோ ஈடுவைக்கவோ விரும்பின் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். கணவனுக்குத் தன் ஆதனம்பற்றி அத்தகைய கட்டுப்பாடில்லை. தேசவழமைக்குட்பட்ட பெண், அதற்குட்படாத ஆணை மணப்பின், விவாகம் நிலைபெறுங்காறும் தேசவழமை அவளை விட்டு நீங்குகின்றது. அதற்குட்படாத பெண் அதற்குட்பட்ட ஆணை மணப்பின் அது அவளை வந்தடைகின்றது. அவள் எச்சட்டத்தின் கீழ் வாழ்கின்றாள் என்பதை அவள் மணக்கும் ஆணே நிருணயிக்கின்றான்.

1907 இல் விவாகப் பதிவுச் சட்டம், 1911 இல் ஆதனச் சட்டம், 1914 இல் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவல். மணவாழ்விலே துயருறும் பெண்ணைப் பற்றி யாழ்ப்பாணப் பெண்ணொருவர் எழுதிய நாவல் இக்காலப்பகுதியில் தோன்றியமை தற்செயலன்று எனக் கருத இடமுண்டு. சட்டம் குடும்பத்தை ஆதனக் கணக்காக எழுதிய அதே காலத்தில், இலக்கியம் அக்கணக்கில் இடம்பெறாத வேதனையை எழுதத் தொடங்கிற்று.

1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிகக் கொடிய விளைவு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னரே வெளிப்பட்டது. 2009 இல் போர் முடிவுற்றபோது வடக்கிலே பல்லாயிரம் பெண்கள் கணவனை இழந்தோராயினர். இன்னும் பலருடைய கணவர் என்னவாயினர் என்பதே தெரியாதிருந்தது. தன் பெயரிலுள்ள சீதனக் காணியை ஈடுவைத்துப் பிள்ளைகளைக் காக்க முனையும் பெண்ணிடம் நொத்தாரிசு கணவனின் கையொப்பத்தைக் கேட்கிறார். கணவன் எங்கே? மரணச் சான்றிதழ் இருப்பின் அவள் கைம்பெண், கையொப்பம் வேண்டியதில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. ஆயின் தன் கணவன் இறந்தானெனத் தானே விண்ணப்பிக்க எத்தனை பெண்கள் இசைவர்? விண்ணப்பித்தல் தேடுதலைக் கைவிடுதலாகும். இறந்தாரெனக் கூறாது, காணப்படவில்லை என மட்டும் சான்றுபகரும் பத்திரத்திற்கு 2016 ஆம் ஆண்டுத் திருத்தமே இடமளித்தது. கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றம் அவனுக்குப் பதிலாகச் சம்மதமளிக்கலாம் என்னும் ஏற்பாடு 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் முள்வேலி முகாமிலிருந்து மீண்ட ஒரு பெண்ணுக்கு வழக்கறிஞரும் நீதிமன்றமும் எத்துணைத் தூரம்! தனக்குரிய நிலத்தில் தன் விருப்பப்படி நடக்க, இல்லாத கணவனுக்குப் பதிலாக ஒரு நீதிபதியின் சம்மதத்தை அவள் நாடவேண்டியுள்ளது.

6

மேலே எழுப்பிய வினாவிற்கு மீள்வோம்: எழுத்தா, சடங்கா? பொதுச் சட்டத்தின்படி விவாகப் பதிவேடு விவாகத்திற்குச் சிறந்த சான்று. ஆயின் ஒரே சான்றன்று. சமய வழக்காற்றின்படி நடைபெற்ற மணம், பதியப்படாமை காரணமாகச் செல்லாததாகி விடுவதில்லை. இருவர் நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்து ஊராரால் அவ்வாறே ஏற்கப்பட்டிருப்பின், மறுதலை நிரூபிக்கப்படாதவரை அவர்கள் மணமானவர்கள் எனக் கொள்ளவேண்டும் என்று இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றுபற்றிய வழக்கில் 1881 இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. தாலியும் புரோகிதரும் மேளமும் இன்றி, கூறை கொடுத்தும் ஒரே கலத்திற் சோறுண்டும் இல்லறந் தொடங்கிய ஏழை மக்களுக்கு இவ்வூகம் ஓரளவு பாதுகாப்பளித்தது. தமிழ்நாட்டிற் புரோகிதரின்றி மாலைமாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணத்திற்கு 1967 இல் இயற்றப்பட்ட திருத்தமே சட்ட அங்கீகாரம் அளித்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும் ஊகம் நீதிமன்றத்தில் உதவுவது; அலுவலகங்களில் உதவுவதன்று. அலுவலர் கேட்பது பத்திரத்தை. மலையகத் தொழிலாளரின் வரலாறு இதற்குச் சான்று. லயங்களிலே உற்றார் உறவினர் முன்னிலையிற் தாலிகட்டி வாழ்ந்தோருட் பலர் பதிவாளரைக் கண்டதில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்பினை அடிப்படையாகக் கொண்டது. விவாகத்திற்குப் புறம்பே பிறந்தோர்க்குத் தாய்வழி. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானோர்க்கு 7 ஆண்டும் மணமாகாதோர்க்கு 10 ஆண்டும் தொடர்ந்த வதிவினை வேண்டிற்று. ஆகவே ஒருவர் மணமானவரா என்பது அவர் பிரசையா என்பதனோடு பிணைக்கப்பட்டது. நாட்டின் செல்வத்தைத் தம் உழைப்பால் ஆக்கியவர்கள், தாம் கணவன் மனைவியென்று காட்டப் பத்திரந் தேடவேண்டியவராயினர். தந்தை, தாய் இருவரில் எவர் வழியாகவும் பிள்ளை பிரசாவுரிமை பெறலாம் என்னும் நிலை 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே தோன்றியது. பிறப்புச் சான்றிதழிலோ ‘பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?’ என்னும் கேள்வி நெடுங்காலம் இடம்பெற்று, பதிவில்லாக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பாடசாலை வாசலிலேயே தலைகுனிய வைத்தது.

7

முஸ்லிம் விவாகச் சட்டம்பற்றிச் சில கூறாது இக்கட்டுரை முற்றுப்பெறாது. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் ஆகக்குறைந்த விவாக வயதை விதிக்கவில்லை; 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்திற்குக் காதியின் அனுமதி வேண்டும் என்றே கூறிற்று. பதிவேட்டில் மணமகனும் மணமகளின் ‘வலி’யும் ஒப்பமிடுவர்; மணமகளின் ஒப்பத்தை அச்சட்டம் வேண்டவில்லை. பெண் காதியாதற்கும் அதில் இடமில்லை. இந்நிலையை மாற்றவேண்டுமென முதலிற் குரலெழுப்பியோர் முஸ்லிம் பெண்களே. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையை 2018 இலேயே கையளித்தது. அப்போதும் உறுப்பினர் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

இதிலே முற்போக்காளர் இரு தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். சிறுபான்மையினரின் தனித்துவம் என்னும் பெயரால் பெண்களின் கோரிக்கையைப் புறக்கணித்தல் ஒன்று. பெண்ணுரிமை என்னும் பெயரால் பேரினவாதம் ஒரு சமூகத்தைத் தாக்கும்போது அதற்குத் துணைபோதல் மற்றொன்று. தேசவழமையில் கணவனின் சம்மதத்தையும் முஸ்லிம் சட்டத்தில் வலியின் கையொப்பத்தையும் அருகருகே வைத்து நோக்கின், ஒரு சமூகம் முன்னேறியது, மற்றது பின்தங்கியது என்னும் தற்பெருமைக்கு இடமிராது.

இவையாவும் நிலைத்திருப்பதற்கு அரசியலமைப்பே அரணாகவுள்ளது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தைப் பேசுகின்றது. ஆயின் அப்போது வழக்கிலிருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்படினும் வலிதாயிருக்கும் என்று 16 ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறிக்கும் இவ்வேற்பாட்டினால், 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தினையோ 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தினையோ சமத்துவத்தின் பெயரால் நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாதுள்ளது.

விவாகச் சட்டத்தின் வரலாறு சீரான முன்னேற்றத்தின் வரலாறன்று என்பதை மேற்கூறியவை காட்டும். காணி கைமாறவேண்டியபோது அரசு விவாகத்தை எழுதிற்று. தொழிலாளரை விலக்கவேண்டியபோது அவ்வெழுத்தையே கேட்டது. எனினும் எழுத்து வெறும் விலங்கென்று ஒதுக்குவதும் பேதைமையே. கைவிடப்பட்ட பெண் தாபரிப்புக் கோரவும், பிள்ளை வழியுரிமை கோரவும், சிறுமியின் மணத்தைத் தடுக்கவும் அதே எழுத்து ஆயுதமாகின்றது. வேண்டுவது எழுத்தை ஒழித்தலன்று; அதனை எவர் எழுதுகின்றனர் என்பதை மாற்றுதலாகும். மணமாகும் பெண் தன் பெயரைத் தானே எழுதவும், தன் காணியைத் தானே ஆளவும், அவளுடைய பிள்ளை எவ்விதக் கேள்வியுமின்றித் தலைநிமிர்ந்து பள்ளி செல்லவும் வழிசெய்யும் சட்டமே சமத்துவச் சட்டமாகும். அத்தகைய சட்டம் சட்டசபையில் மாத்திரம் தோன்றுவதில்லை. பெண்கள் பிறர் கையை எதிர்பாராது வாழக்கூடிய பொருளியல் நிலைமைகளுக்காக நடத்தப்படும் போராட்டத்திலிருந்தே அது தோன்றும்.